இடது காதுக்குப் பின்னால்

பழைய நாளிதழ்களைக் கூடத்துத் தரையில் விரித்து, நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் பின்னந்தலையில் விழும்படி அதைத் திருப்பி வைத்தான் திருச்செல்வம். ரமணி வந்து இடது கையால் முக்காலியை மறுபடி திருப்பினாள். அணைந்து கிடந்த தொலைக்காட்சிக்கு நேராக உட்கார்ந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது என்று அவன் சொல்லிப் பார்த்தான். இங்கேயே இருக்கட்டும் என்றாள். அணைந்த திரையில், முதுகுக்குப் பின்னால் நிற்பவர் கறுப்பு உருவமாகத் தெரிவார். ஆறு வருடங்களாக அந்த வீட்டில் ரமணி சுவருக்கு முதுகைக் கொடுக்காமல் உட்கார்ந்ததில்லை. சாப்பிடும்போதும் அப்படித்தான். கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில்கூடக் கடைசி இருக்கையாகப் பார்த்துத்தான் உட்காருவாள். இன்று கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் திறந்த இடத்தில், கட்டிய கணவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

மனைவியின் தலைக்குக் கணவன் சாயம் பூசிவிடுவது ஊர் உலகத்தில் நடக்காத காரியம் இல்லை. கைகூட உடையாமலேயே அப்படிப் பூசச் சொல்லிக் கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். இந்த வீட்டுக் கதைதான் வேறு.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் வேலை பார்க்கும் சேலைக்கடையில் ரமணியின் முடிக்கென்று ஒரு பேர் உண்டு. சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்டும்போது, இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலை எடுத்து முன்னால் விடுவாள். சேலை பார்க்க வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இத்தனை முடி வைத்துக்கொண்டு, ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே சாயம் பூசி, நுனிகூட வெடிக்காமல் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. ரமணிக்கு அந்த முடியில் தலைகால் புரியாத கர்வம் என்று கடைப்பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வெட்டிக் குட்டையாக்கினால் பாதி வேலை மிச்சம் என்று அவளுக்கும் தெரியாதா? ஆனால் வெட்ட முடியாது. இடது காதுக்குப் பின்னால், ஐம்பது காசு நாணயத்தின் அளவுக்கு, முடியே முளைக்காத ஓர் இடம் இருந்தது. பளபளவென்று, வெந்து ஆறிய தோல் மாதிரி. முடியின் நீளமும் கனமும் சேர்ந்துதான் அதை மூடி வைத்திருந்தன.

அது வந்த கதையைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது. நடந்து முடிவதற்கும் அவ்வளவுதான் ஆனது. அந்தக் காலத்தில் திருச்செல்வம் சம்சுச் சாராயம் குடிப்பான். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன், இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் இருந்துவிட்டு ஒரு சாயங்காலம் வந்தான். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். பதில் வராததால் திரும்பிச் சமையற்கட்டுக்குள் போனாள். பின்னாலிருந்து பின்னலைப் பிடித்தான். சமையற்கட்டிலிருந்து கூடம் வரைக்கும் அதைப் பிடித்தே இழுத்து வந்தான். அவள் சுவரோரம் சுருண்டு கிடந்து அப்படியே தூங்கிப்போனாள். காலையில் எழுந்தபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். பிடுங்கப்பட்ட முடியைத் தரையில் தேடினாள். ஒரு இழைகூடக் காணவில்லை. மின்விசிறிக் காற்றில் எங்கேயோ பறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவன் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டான்.

இவனுக்கு ஞாபகமில்லை. அன்றைக்கு ரமணி வந்த முடிவு இது. குடித்தவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? தெரிந்து செய்தவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது, தெரியாமல் செய்தவனோடு இருந்துவிடலாம் என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அதை வைத்துத்தான் ஆறு வருடங்களை ஓட்டினாள். அதே மாதத்தில் அவன் குடியையும் விட்டான். சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் திட்டிவிட்டார் என்றான். ஜொகூரில் வேலையில் இருக்கும் மகள் மாதவி, அப்பா எவ்வளவு மாறிவிட்டார் பார்த்தீர்களா என்று தொலைபேசியில் பூரித்துப் போவாள். ஆமாம் என்பாள் ரமணி.

மூன்று வாரத்துக்கு முன்னால் மழையில் அடுக்குமாடிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கை உடைந்தது. சாயம் பூசும் முறை வந்தது, போனது. வகிடு இரண்டு பக்கமும் விரற்கடை அளவுக்கு வெளுத்துவிட்டது. சேலைக்கடை மேலாளர் குரு தீபாவளிக் கூட்டம் தொடங்கப் போகிறது என்று தொலைபேசியில் அழைத்தான். மாவுக்கட்டோடு வந்தாலும் பரவாயில்லை, அக்கா வாயால் விற்றாலே போதும் என்று சிரித்தான். கடைசியில், "ஆனா அக்கா, கலர் மட்டும் பண்ணிட்டு வாங்க லா. இல்லேன்னா மொதலாளி உங்கள மாடி ஸ்டோருக்கு அனுப்பச் சொல்வாரு, என்னால ஒண்ணும் பேச முடியாது," என்றான். திங்கட்கிழமை போக வேண்டும்.

பக்கத்து வீட்டு அஃப்ரின், நான் பூசிவிடுகிறேன் அக்கா என்று கை உடைந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராமநாதபுரத்துப் பக்கத்துப் பெண். புருஷன் ரஃபீக்குக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்து இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள், மருதாணி வைப்பதில் கெட்டிக்காரி. அவளிடம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி ரமணிக்கே அலுத்துவிட்டது. சலூனுக்குப் போகலாம். ஆனால் யார் தலையைத் தொட்டாலும், இது என்ன என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திருச்செல்வம் தட்டைப் பார்த்துக்கொண்டே, நான் பூசிவிடவா என்று கேட்டான். ரமணி கரண்டியைத் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், சரி என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அன்றைக்குப் படுக்கையில் யோசித்தபோதுதான் அவளுக்கே புரிந்தது. அவன் அந்த இடத்தைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்கட்டும். கேட்டுவிட்டால் அவனுக்கு நிஜமாகவே தெரியாது என்று ஆகிவிடும். பரு வந்து பழுத்து ஆறியது என்று சொல்லிக்கொள்ளலாம், பொய் அவளிடம் தயாராக இருந்தது. அந்த ஒரு கேள்வி அவளுக்கு வேண்டும். வராமல் போனால்? அதற்குமேல் யோசிக்கப் பயமாக இருந்தது, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் இடது காதுக்குக் கீழே கறுப்பாக ஒரு பொட்டு. லோரி கிரீஸ் என்று நினைத்தாள். சாயத்தை முன்கூட்டியே கொஞ்சம் தோலில் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டுமாம், அரிக்கிறதா, தடிக்கிறதா என்று. பெட்டியில் போட்டிருக்கிறதாம். "எனக்கு ஒண்ணும் செய்யல," என்றான், பரீட்சையில் தேறியவன் மாதிரி. பூசப்போவது யார் தலைக்கு? ரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்றோ. அவன் கையிலிருந்து டியூபை வாங்கித் தன் இடது முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மத்தியானம் வரை அங்கே அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை.

இப்போது அவன் எல்லாவற்றையும் சோபாக் கைப்பிடியில் வரிசையாக எடுத்து வைத்தான். பிளாஸ்டிக் கிண்ணம், தூரிகை, நாலு கவ்விகள், பல் அகன்ற சீப்பு, கையுறை, வேசலின் டப்பா. சாயம் உலோகத்தில் படக்கூடாது, தலையை முந்தின நாளே கழுவியிருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தால்தான் மண்டையைச் சுடாது என்பதெல்லாம் ரமணிக்குப் பழகிய விஷயம். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். துறைமுக வாசலில் லோரிகள் மணிக்கணக்கில் வரிசை பிடித்து நிற்கும். அந்த நேரத்தில் கைபேசியில் சாயம் பூசும் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். பக்கத்து லோரித் தம்புசாமி எட்டிப் பார்த்துவிட்டு, என்ன பாஸ், சலூன் திறக்கப் போறியா என்று கேட்டு, வரிசை முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

நெற்றியோரமும் காதோரமும் வேசலினைத் தானே தடவிக்கொண்டாள். இடது காதுக்குப் பின்னால் மட்டும் தடவவில்லை. தானே பூசிக்கொள்ளும் நாட்களில் முதல் வேலையாக அங்கேதான் தடவுவாள். அந்தத் தோலில் சாயம் பட்டால் பச்சை மிளகாய் அரைத்து அப்பிய மாதிரி எரியும். இன்று தடவினால் அவன் பார்ப்பான். அவன் தானாகப் பார்க்க வேண்டும் என்பதுதானே விஷயம்.

அவன் கொண்டையை அவிழ்த்தான்.

அவ்வளவுதான். முடியின் கனம் முதுகில் இறங்கியதும் ரமணியின் உடம்பு அவளைக் கேட்காமலே முன்னால் எகிறியது. முக்காலி கிறீச்சிட்டது. கவ்வி ஒன்று கீழே விழுந்து உருண்டது. திரையில் கறுப்பு உருவம் இரண்டு கைகளையும் அகல விரித்தபடி அசையாமல் நின்றது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவன், "சொல்லிட்டுத் தொடுறேன்," என்றான்.

அதன்பிறகு ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தான். முடியை எடுக்கிறேன். சீப்பு வைக்கிறேன். வகிடு எடுக்கிறேன். கவ்வி போடுறேன். லோரியைப் பின்னால் எடுக்கும்போது கீழே நிற்கிறவன் குரல் கொடுப்பான் இல்லையா, அந்தக் குரல்தான், ஏற்ற இறக்கம் இல்லாமல். தலையை நாலு பாகமாகப் பிரித்துச் சுருட்டிக் கவ்வினான். நீளத்துக்குக் கண்டிஷனரைத் தடவி மூடினான். பழைய சாயம் உள்ள இடத்தில் புதுச் சாயமும் ஏறினால் நுனியெல்லாம் வைக்கோலாகிவிடும். வேரில் வெளுத்த பாகத்துக்கு மட்டும்தான் சாயம். முன்பக்கம் வலது முதலில், பிறகு இடது. தூரிகை வேரில் குளிர்ச்சியாகப் பட்டுப் பட்டு நகர்ந்தது. வலிக்கவில்லை. ஒரு இழைகூட இழுபடவில்லை. இவ்வளவு மெதுவாக இந்தக் கைகளால் முடியுமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பயமும் அதோடு சேர்ந்தே இருந்தது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

பின்னந்தலையின் வலது பாகமும் முடிந்தது. தோளில் கிடந்த பழைய துண்டில் இரண்டு மூன்று கறுப்புச் சொட்டுகள். கழுத்தில் வழிந்த ஒன்றை அவன் சொல்லிவிட்டுத் துடைத்தான்.

"இடது பக்கம்," என்றான்.

ரமணி திரையைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. இப்போது அந்தக் கவ்வியை எடுப்பான், சுருளைப் பிரிப்பான், சீப்பின் நுனியால் காதோரம் வகிடு எடுப்பான், அப்போது பார்ப்பான், பார்த்துவிட்டுக் கேட்பான். இது என்னா? கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திரையில் அந்த உருவம் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தது. வலது கையுறையைக் கழற்றியது. சோபாக் கைப்பிடிக்குக் குனிந்து எதையோ எடுத்தது. இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. சுருட்டிக் கவ்விய முடிக்கு அடியில் ஒற்றை விரல் நுழைந்து, நேராக அந்த இடத்துக்கு வந்தது. தடவித் தேடவில்லை. வேசலினை அதன்மேல் வைத்து, ஓரம் தாண்டாமல், வட்டமாக ஒரு முறை தேய்த்தது. இன்னொரு முறை தேய்த்தது. பிறகு விலகிப் போய்க் கையுறையை மாட்டிக்கொண்டது.

ரமணி இடது கையால் முக்காலியின் விளிம்பைப் பிடித்தாள்.

"பாக்காமயே தெரியுதா?" என்றாள்.

தூரிகை கிண்ணத்தின் விளிம்பில் நின்றது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போய்ச் சத்தம் தேய்ந்தது.

"தெரியும்," என்றான்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. காலையில எந்திரிச்சப்ப விரல்ல சுத்திக்கிட்டு இருந்துச்சி. தரையிலயும் கெடந்துச்சி. நீ செவுத்தோரம் தூங்கிக்கிட்டு இருந்த. எல்லாத்தையும் பொறுக்கி பேப்பர்ல சுத்தி, போர்ட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போயி தண்ணியில போட்டுட்டேன்."

"சக்கரைன்னு சொன்னீங்களே. குடிய வுட்டதுக்கு."

"சும்மா சொன்னேன்."

ரமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் உடனே வரவில்லை. முதலில் ஒரு மாதிரி வெட்கம் வந்தது. ஆறு வருடங்கள் ஒருவனைப் பாவம், அறியாதவன் என்று நினைத்து, அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று அவனிடமிருந்தே ஒளித்து, குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துச் சாயம் பூசிய பைத்தியக்காரி யார்? அவன் செய்ததை மூட அவள் கண்ணாடி வாங்கியிருக்கிறாள். சேலைக்கடையில் எல்லாரும் முடியைப் புகழும்போதெல்லாம் உள்ளே கூனிக் குறுகியது அவள். சாப்பாடு இருக்கிறதா என்று அன்றைக்கு அவன் கேட்டானே, தெரிந்துதான் கேட்டிருக்கிறான். விரலில் சுற்றியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, அதே கையால் அவள் போட்ட சோற்றைப் பிசைந்திருக்கிறான். இப்போது கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், தலையில் முக்கால்வாசி சாயம், பின்னந்தலையில் கவ்விகள், வெளியே மழை. எங்கே போவது?

"ரமணி, நான் அன்னிக்கு..." என்று தொடங்கினான்.

"பூசுங்க. கலந்தது காயுது."

அவன் பூசினான். தூரிகை காதில் பட்டது. எடுக்கிறேன், வைக்கிறேன் என்று சொல்லவும் மறந்து போனான். அவளும் இப்போது எகிறவில்லை, கல்லாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி, கைபேசியில் முப்பத்தைந்து நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போனான்.

முப்பத்தைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ரொம்ப நீளம். சமையற்கட்டில் ஒரு கிண்ணத்தைக் கழுவ இவ்வளவு தண்ணீரா என்று கேட்கும்படி குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அஃப்ரின் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று அவள் ஏமாற்றுவது தெளிவாகக் கேட்டது. இந்தச் சுவரில் எல்லாமே கேட்கும். அன்றைக்கும் கேட்டிருக்கும். அப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மறுநாள் லிஃப்ட்டில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்பர்ப் பொத்தான்களைப் பார்த்தார்கள்.

அவன் வந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். சிறிது நேரம் கழித்து எழுந்து, தரையில் விழுந்த சொட்டுகளை ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். இப்போது ஏதாவது பேசுவான், மன்னிப்புக் கேட்பான், காலில்கூட விழுவான் என்று ரமணிக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வந்தது. கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, இரண்டு பேருக்கு நடுவில் ஒரு மன்னிப்பு. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாளையிலிருந்து அவன் நிம்மதியாகத் தூங்குவான். ஐந்து வாரம் கழித்து அவள் மறுபடி தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கண்ணாடிகளை எடுத்து வைப்பாள்.

முப்பது நிமிடம் ஆனதும் தொப்பியின் ஓரத்தைத் தூக்கி, நெற்றியோரம் ஒரு இழையைத் துணியால் துடைத்துப் பார்த்தான். வெள்ளை போய்விட்டிருந்தது.

"நல்லா புடிச்சிருக்கு," என்றான். "இன்னும் அஞ்சு நிமிஷம். வா, வாளியில தண்ணி புடிச்சி வைக்கிறேன்."

"அஃப்ரினைக் கூப்பிடுங்க," என்றாள் ரமணி.

"எதுக்கு? நானே கழுவிடுறேனே."

"அவ கழுவட்டும்."

அவன் துணியை மடித்தான், பிரித்தான். "அவ பாத்துடுவா," என்றான்.

"பாக்கட்டும்."

"கேட்டா?"

"கேட்டா நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

ஆறு வருடங்களில் அவனிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை. அவன் வாசல் பக்கம் பார்த்தான், அவளைப் பார்த்தான். அஃப்ரின் அவனை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள். நோன்புக்குக் கஞ்சி காய்ச்சினால் முதல் தூக்கு இந்த வீட்டுக்குத்தான் வரும். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி அமைதியான மனிதரைப் பார்த்ததில்லை அக்கா என்று அவள் சொன்னதை ரமணியே அவனிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அவன் எதை நினைத்துக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. இருந்தாலும் சொன்னதை மாற்றவில்லை.

கைபேசி அலறத் தொடங்கியது. இதற்குமேல் வைத்திருந்தால் முடி கருகத் தொடங்கும், வேர் சுடும். அது இருவருக்குமே தெரியும். ரமணி முக்காலியை விட்டு அசையவில்லை. அலாரம் ஓய்ந்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி அலறியது. உச்சந்தலையில் மெல்ல எரிச்சல் தொடங்கியிருந்தது. அப்போதும் உட்கார்ந்திருந்தாள். திருச்செல்வம் கிரில் கதவைத் திறந்து வெளியே போனான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. முதல் தடவை ரொம்ப மெதுவாக.

அஃப்ரின் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். முக்காட்டை இறுக்கி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, இப்பவாவது கூப்பிட்டீங்களே என்று சந்தோஷமாகக் கோபித்துக்கொண்டாள். ரமணியைக் குளியலறையில் சின்ன முக்காலியில் உட்காரவைத்துத் தலையைக் குனியச் சொன்னாள். தொப்பியையும் கவ்விகளையும் கழற்றினாள். முடி மொத்தமும் முகத்துக்கு முன்னால் சரிந்து ஈரத்தரையில் கிடந்தது. வாசலில் திருச்செல்வம் துண்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, நீங்க போய் உக்காருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன் என்றாள். அவன் திரும்பினான்.

"அவரு இங்கயே நிக்கட்டும்," என்றாள் ரமணி, தலையைத் தூக்காமல்.

அஃப்ரினுக்குப் புரியவில்லை. என்றாலும் சரியென்று குவளையை எடுத்தாள். வெந்நீர் ஊற்றினால் சாயமும் போகும், முடியும் காய்ந்துபோகும் என்று பேசிக்கொண்டே பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். குழாய் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் மையாக ஓடிய தண்ணீர் அடுத்தடுத்த குவளைகளில் பழுப்பாகியது. ரமணிக்குத் தொங்கும் முடிக்கு நடுவே தரையும், வாசற்படியும், அதன்மேல் இரண்டு பாதங்களும் மட்டும் தெரிந்தன. லோரிப் பெடலை மிதித்து மிதித்து வலது பெருவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. அஃப்ரினின் விரல்கள் உச்சியை அலசின, வலது பக்கம் இறங்கின, பிடரிக்கு வந்தன. எங்க ஊரில் கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு முடி பார்த்ததில்லை என்றாள். விரல்கள் இடது காதுக்கு வந்தன. பேச்சு நின்றது. விரல்களும் நின்றன. ஒரு விரல் மட்டும் திரும்பப் போய், வேசலின் வழுக்கும் அந்த இடத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்தது.

"அக்கா, இது என்னக்கா?"

ரமணி வாயைத் திறக்கவில்லை.

"அக்கா?"

ரமணி வாசற்படியில் நின்ற பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது குதிகால் தரையிலிருந்து எழும்பியது. திரும்பிப் போவதற்கு அவ்வளவு போதும். அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கித் தரையில் பதிந்தது. வாளி நிரம்பி வழிந்தது. கறுப்பு கலந்த தண்ணீர் வாசற்படிவரை போய் அவன் கால்விரல்களை நனைத்தது. இந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அவன் வாயைத் திறந்து சொன்னாலும் கேட்காது. ரமணி இடது கையை நீட்டிக் குழாயை மூடினாள்.